நிலாக்கல்லின் திதி

கீரிமலையில் ஆடி அமாவாசைக்குக் கூடுகிறவர்களில் நான் எப்போதும் கரையில் நிற்கிற ஆள். படம் எடுப்பேன், இரண்டு பேருடன் கதைப்பேன், பின்னேரத்துக்குள் செய்தியை அனுப்பிவிடுவேன். அன்றும் அப்படித்தான் அனுப்பி முடித்திருந்தேன். கேணிக்குப் பக்கத்துப் படியில் ஈர வேட்டியோடு இருந்த ஒரு பெரியவர் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

“தம்பி, நீர் பேப்பர்காரர்தானே? சந்திரனிலை இருந்து கொண்டுவந்த கல்லுக்கு முந்நூற்று எழுபது கோடி வயசெண்டு எழுதுறியள். அதை ஆர் கண்டது?”

தெரியாது ஐயா என்றேன். நான் படித்தது ஊடகக் கற்கைகள். விஞ்ஞானம் சாதாரணதரத்தோடு முடிந்தது.

“என்ரை அப்பாவின்ரை திதி எனக்குத் தெரியும். மகன்ரை தெரியாது. நாள் தெரியாட்டி அமாவாசையிலை செய்யலாமெண்டு ஐயர் சொல்லுறார். நான் இன்னும் செய்யேல்லை. அங்கை கிடந்த கல்லுக்குத் திதி பாக்கிறாங்களெண்டால், அது எப்பிடி எண்டு கேக்கிறன், அவ்வளவுதான்.”

எங்கள் பக்கத்தில் ஆடி அமாவாசை தகப்பனுக்கு, சித்திரைப் பௌர்ணமி தாய்க்கு. இரண்டும் நிலவை வைத்துக் கணித்த நாட்கள். பிள்ளைக்கென்று ஒரு நாளை யாரும் வகுத்து வைக்கவில்லை. அவருடைய கேள்வியை அன்றைய செய்தியில் சேர்க்க முடியவில்லை. பதில் தேட எனக்குச் சில மாதங்கள் எடுத்தன.

பதில் பொற்றாசியத்தில் தொடங்குகிறது. வெங்காயமோ உருளைக்கிழங்கோ செய்கிற எவருக்கும் அது புதிய பொருளல்ல. எம்.ஓ.பி. என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த உரத்தில் இருப்பது பொற்றாசியம். உரம் தடைப்பட்டியலில் இருந்த ஆண்டுகளில் அதன் அருமை குடாநாட்டுக்கு நன்றாகத் தெரிந்தது. பாறைகளிலும் அது உண்டு. பொற்றாசிய அணுக்களில் மிகப் பெரும்பாலானவை அமைதியானவை. பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 117 மட்டும் வேறு சாதி. கருவில் 40 துணிக்கைகள் கொண்ட பொற்றாசியம்-40 என்ற சமதானி அது, தானாகவே சிதையும். 125 கோடி ஆண்டுகளில் பாதி போய்விடும். எஞ்சியதில் பாதி போக இன்னொரு 125 கோடி ஆண்டுகள். சூடாக்கினாலும் அழுத்தினாலும் இந்த வேகம் மாறாது. இந்த முறையின் அடித்தளமே அதுதான்.

சிதைகிற நூறு அணுக்களில் ஏறத்தாழ 89 கல்சியமாக மாறும். கல்லில் ஏற்கெனவே கல்சியம் நிறைய இருப்பதால் அவற்றைப் பிரித்து எண்ணுவது கடினம். மீதி 11 அளவில் ஆகன்-40 ஆகின்றன. ஆகன் ஒரு சடத்துவ வாயு. எதனோடும் இலேசில் சேராது. நாம் சுவாசிக்கும் வளியில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருப்பது இந்த ஆகன்தான், அதுவும் அநேகமாக முழுவதும் பூமியின் பாறைகளில் இருந்த பொற்றாசியம் சிதைந்து வந்தது. உருகிய எரிமலைக் குழம்பில் ஆகன் தங்காது, குமிழியிட்டு வெளியேறிவிடும். குழம்பு இறுகிக் கல்லானபின் பிறக்கிற ஆகனுக்குப் போக வழியில்லை. பளிங்குச் சட்டங்களுக்கு நடுவே அடைபட்டுச் சேர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. கல்லில் இன்று பொற்றாசியம்-40 அணுக்கள் 100 உள்ளன, அடைபட்ட ஆகன்-40 அணுக்கள் 75 உள்ளன என்று வைப்போம். ஆகனாக மாறுவது நூற்றுக்கு 11 அளவில் என்பதால், 75 கிடைக்க ஏறத்தாழ 700 அணுக்கள் சிதைந்திருக்க வேண்டும். ஆகவே தொடக்கத்தில் இருந்தவை 800. எண்ணூறு நானூறாகி, இருநூறாகி, நூறாக மூன்று அரைவாழ்வுக் காலம். 375 கோடி ஆண்டுகள். பெரியவர் கேட்ட எண்ணுக்கு ஏறத்தாழ வந்துவிட்டோம்.

ஆனால் இந்தக் கணக்கு, உள்ளே பிறந்த ஆகன் ஒன்றுகூட வெளியே போகவில்லை என்ற நம்பிக்கையில் நிற்கிறது. கல் நடுவில் ஒருமுறை கடுமையாகச் சூடேறியிருந்தால் ஆகனில் ஒரு பகுதியோ முழுவதுமோ ஓடியிருக்கும், மணிக்கூடு மறுபடி பூச்சியத்திலிருந்து ஓடத் தொடங்கியிருக்கும். கல் பார்வைக்கு அதே கல்தான். அதன் வயது மட்டும் குறைந்து தெரியும்.

இதை நினைக்கும்போது என் பெரியத்தையின் நினைவு வரும். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு பெயர்ந்தபோது நான் கைக்குழந்தை. பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள் இருந்த பெட்டி வீட்டோடு போயிற்று. பெரியத்தையிடம் இன்று இருப்பது உத்தேச வயதுப் பத்திரம். அதில் உள்ள திகதி, அவர் மறுபடி பதியப்பட்ட கதையைத்தான் சொல்கிறது.

கல்லுக்கு இந்தச் சிக்கலைத் தீர்க்க வழி கண்டவர்கள் இரண்டு இளைஞர்கள். கிரெய்க் மெரிஹியூ, கிரென்வில் ரேணர். அமெரிக்காவின் பேர்க்லியில் ஒன்றாக வேலை செய்தவர்கள். அவர்களின் கட்டுரை 1966 இல் வெளியானபோது மெரிஹியூ உயிரோடு இல்லை, முந்தைய ஆண்டு மலையேறும்போது விபத்தில் இறந்துவிட்டார். ரேணர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குப் போய் முறையைத் தொடர்ந்தார்.

முன்பெல்லாம் கல்லின் ஒரு துண்டில் பொற்றாசியத்தையும் இன்னொரு துண்டில் ஆகனையும் அளந்தார்கள். இரண்டு துண்டும் ஒரேமாதிரி என்று யார் உத்தரவாதம் தருவது? இவர்கள் கல்லை அணு உலைக்குள் அனுப்பினார்கள். அங்கே வேகமான நியூத்திரன்கள் மோதும்போது சாதாரண பொற்றாசியம்-39 இல் ஒரு சிறு பங்கு ஆகன்-39 ஆக மாறும். ஆகன்-39 இன் அரைவாழ்வு 269 ஆண்டுகள்தான் என்பதால் பழைய கல்லில் அது இயற்கையாக எஞ்சியிருக்காது, இருப்பதெல்லாம் உலையில் பிறந்தது. ஆகவே ஆகன்-39 ஐ அளந்தால் பொற்றாசியத்தை அளந்த மாதிரி. ஆகன்-40 ஐ அளந்தால் கடந்த காலத்தை அளந்த மாதிரி. இரண்டும் ஒரே துண்டிலிருந்து, ஒரே வாயுவாக வருகின்றன. விகிதம் மட்டும் போதும். கூடவே வயது தெரிந்த வேறொரு கனியத்தையும் அதே உலையில் வைப்பார்கள், நியூத்திரன் எவ்வளவு பட்டது என்பதற்கு அது சாட்சி. அமெரிக்காவின் கொலராடோவில் ஃபிஷ் கன்யன் என்ற இடத்துப் படிகம் இன்று அதிகம் பயன்படுகிறது. வயது ஏறத்தாழ 2 கோடி 80 இலட்சம்.

இனித்தான் எனக்கு மிகப் பிடித்த இடம். கல்லை ஒரேயடியாக உருக்குவதில்லை. வெற்றிடத்தில் வைத்து, சில நூறு பாகையில் தொடங்கிப் படிப்படியாகச் சூட்டை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் வெளிவரும் வாயுவைத் தனியாகத் திணிவு நிறமாலைமானிக்கு அனுப்புவார்கள். குறைந்த சூட்டில் வருவது மணிகளின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஆகன். முன்னொரு காலத்தில் கல் சூடுபட்டிருந்தால் முதலில் இழந்த இடமும் அந்த ஓரம்தான். ஆகவே முதற் படிகள் குறைந்த வயதைக் காட்டும். சூடு ஏற ஏற வயது கூடி, ஓரிடத்தில் சமதரையாக நிற்கும். அந்தச் சமதரை கல் இறுகிய காலத்துக்கு மிகக் கிட்டவானது. தொடக்கத்துப் படிகள் பிந்தி வந்த அடியின் காலத்துக்கு ஒரு மேலெல்லையைத் தரும். ஒரு கல்லிடம் பொறுமையாகக் கேட்டால் இரண்டு திகதி சொல்லும்.

1969 இல் அப்பல்லோ-11 இறங்கியது, இலங்கை நேரப்படி ஜூலை 21 அதிகாலை. அதுவும் ஆடி மாதம். 21 கிலோவுக்குச் சற்று மேலான கல்லும் மண்ணும் வந்தன. அடுத்த ஜனவரியில் ‘சயன்ஸ்’ இதழ் அந்தக் கற்களுக்கென்றே ஓர் இதழை ஒதுக்கியது. அதில் ரேணரின் கட்டுரை இருக்கிறது. ஏழு கற்களை அவர் பரிசோதித்தார். ஒவ்வொன்றும் தன்னுள் பிறந்த ஆகனில் 7 வீதத்திலிருந்து 48 வீதத்துக்கு மேல்வரை இழந்திருந்தது. பழைய முறையில் அளந்திருந்தால் ஏழும் ஏழு வயது சொல்லியிருக்கும். இழப்பைத் திருத்தியபின் எல்லாம் 370 கோடி ஆண்டுகளைச் சுற்றி ஒன்றாக வந்தன. அமைதிக் கடல் என்று பெயரிட்ட அந்தக் கறுப்புத் தரையில் எரிமலைக் குழம்பு பாய்ந்த காலம் அது. சிதைவு மாறிலிகள் 1977 இல் திருத்தப்பட்டபோது பழைய எண்கள் கொஞ்சம் இறங்கின. கதை மாறவில்லை.

ஆகன் ஏன் போயிற்று என்பதற்கு ரேணர் சொன்ன காரணத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். கற்கள் கண்டெடுக்கப்பட்ட இடம் அவை உருவான இடமல்ல. விண்கல் மோதியதில் சொந்த இடத்திலிருந்து தூக்கி எறியப்பட்டு வந்து விழுந்தவை. அந்த மோதலின்போதுதான் பெரும்பாலும் ஆகனை இழந்திருக்க வேண்டும் என்றார். இடம்பெயர்ந்த கல்லில் இடம்பெயர்வு பதிந்திருக்கிறது.

அதே இதழில் சில பக்கங்கள் தள்ளி இன்னொரு பெயர் கண்ணில் பட்டது. கே. கோபாலன். முழுப்பெயர் குஞ்சிதபாதம் கோபாலன், பெயரிலேயே சிதம்பரம் இருக்கிறது. லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் வெதரிலின் குழுவில் இருந்து, அதே அப்பல்லோ-11 கற்களை உருபீடியம்-ஸ்ரொன்சியம், யுரேனியம், தோரியம்-ஈயம் வழிகளில் ஆராய்ந்தவர். ஆகன் வாயு, ஓடிவிடக்கூடியது. ஸ்ரொன்சியம் ஓடாது, கல்லிலேயே கிடக்கும். ஒருவர் சொன்னதை வேறொரு வழியால் வந்த இன்னொருவரும் சொன்னால்தான் நம்பலாம் என்பது எங்கள் தொழிலிலும் உள்ள விதி. கோபாலன் பிறகு இந்தியா திரும்பி அகமதாபாத்தின் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்தார்.

1971 ஓகஸ்டில் அப்பல்லோ-15 வீரர்கள் ஸ்கொட்டும் இர்வினும் ஒரு வெள்ளைக் கல்லை எடுத்தார்கள். நிலவின் முதல் மேலோட்டுத் துண்டு இதுதான் என்று உற்சாகம் கிளம்பி, ஆதியாகமக் கல் என்று பெயரும் விழுந்தது. பெயர் வைத்தது எங்கள் ஆட்கள், பத்திரிகைக்காரர். ஆகன் முறையில் பார்த்தபோது வந்தது ஏறத்தாழ 410 கோடி. நிலவு உருவாகி 450 கோடி ஆண்டுகள் அளவில் ஆகின்றன. கல் பொய் சொல்லவில்லை. ஆகன் கேட்பது “நீ எப்போது பிறந்தாய்” என்றல்ல, “நீ கடைசியாக எப்போது வெந்து ஆறினாய்” என்று. அந்தக் கேள்விக்குத்தான் கல் பதில் சொன்னது.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. அப்பல்லோ பயணங்கள் முடிந்து 382 கிலோ வந்து சேர்ந்தபின், மோதலில் வெந்த கற்களின் வயதுகளை அடுக்கிப் பார்த்தார்கள். 380 முதல் 400 கோடி ஆண்டுகளுக்குள் அவை குவிந்து நின்றன. 1974 இல் தேரா, பபனஸ்தசியூ, வாசர்பேர்க் ஆகிய மூவர் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: அக்காலத்தில் நிலவின்மேல் திடீரெனப் பெருங்குண்டுமாரி ஒன்று பொழிந்து ஓய்ந்திருக்கிறது. அவர்கள் வந்த வழி யுரேனியமும் உருபீடியமும், ஆனால் ஆகன் வயதுகளும் அதற்குத் தோள் கொடுத்தன. பாடநூல்களில் ஏறிற்று. பூமியில் உயிர் எப்போது தொடங்கியிருக்கலாம் என்ற கேள்விகூட அந்தத் திகதியைச் சுற்றி எழுதப்பட்டது.

பிறகு சந்தேகம் வந்தது. ஆறு அப்பல்லோக்களும் இறங்கியது நமக்குத் தெரிகிற பக்கத்தில், நடுக்கோட்டை ஒட்டிய இடங்களில். அங்கிருந்து எட்டிய தூரத்தில்தான் 1,100 கிலோமீற்றருக்கு மேல் அகலமான இம்பிரியம் பள்ளம் இருக்கிறது. அந்த ஒரே மோதல் வீசியெறிந்த கல் நாலாபக்கமும் பரவிக் கிடக்கிறது. எங்கே குனிந்து எடுத்தாலும் கையில் அகப்படுவது இம்பிரியமாக இருக்கலாம். அப்படியானால் அந்தக் குவியல் பல மோதல்களின் காலமல்ல, ஒரே மோதலின் காலம். 2016 இல் பேற்றிக் போன்கே, மார்க் ஹாரிசன் இருவரும் இன்னும் ஒரு படி போனார்கள். மோதல்கள் திடீரென்று கூடாமல் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்திருந்தாலும், ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் ஆகன் இழக்கப்படுவதால், வயதுகளைத் தொகுக்கும்போது இல்லாத ஒரு குவியல் தோன்றும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். ஹாரிசன் அப்போது இருந்தது கோபாலன் இருந்த அதே பல்கலைக்கழகம். குண்டுமாரி நடந்ததா என்பதில் இன்றைக்கும் ஒருமித்த முடிவில்லை, ஆனால் முன்பிருந்த உறுதி போய்விட்டது.

போகவிட்ட ஒரே வீதியில் போய், அங்கே கண்டதை வைத்து முழுப் போரையும் எழுதிய செய்திகளை நாங்கள் நிறைய வாசித்திருக்கிறோம். எழுதியவர்கள் எல்லோரும் பொய்யர்கள் இல்லை. ஆராய்ச்சியாளர்களும் இல்லை. ஆய்வுகூடத்து அளவீடு ஒவ்வொன்றும் சரி. மாதிரி எடுத்த இடம்தான் குறுகலானது.

அதனால்தான் வேறு இடத்துக் கல் இவ்வளவு முக்கியமாகிறது. சீனாவின் சாங்-5, 2020 டிசம்பரில் 1,731 கிராம் கொண்டுவந்தது. அதன் எரிமலைப் பாறை ஏறத்தாழ 203 கோடி ஆண்டு, அப்பல்லோ கற்களை விட மிக இளையது. 2024 ஜூனில் சாங்-6 நாம் பார்க்க முடியாத மறுபக்கத்திலிருந்து 1,935 கிராம் எடுத்து வந்தது. அங்குள்ள மாபெரும் தென்துருவப் பள்ளத்துக்கு 425 கோடி ஆண்டு என்று சொல்கிறார்கள். இவை ஈயச் சமதானிகளால் கணித்தவை. ஈயம் ஆகனைப் போல இலேசில் ஓடாது.

ஆகனுக்கு வேறொரு வேலையும் உண்டு. வளிமண்டலம் இல்லாத நிலவின் மேற்பரப்பில் கிடக்கும் கல்லை அண்டக் கதிர்கள் தாக்கும்போது ஆகன்-38 பிறக்கிறது. அதை அளந்தால் கல் எவ்வளவு காலம் வெட்டவெளியில் கிடந்தது என்று தெரியும். அப்பல்லோ-14 சென்ற கோன் பள்ளம் தோன்றி 2 கோடி 50 இலட்சம் ஆண்டுகள் அளவில்தான் ஆகின்றன என்பது இப்படியான கணக்குகளிலிருந்து வந்தது.

இந்தியாவில் ஆகன் முறை பெரிதும் பூமியின் பாறைகளுக்குத்தான் பயன்பட்டது. தக்காணத்தின் எரிமலைப் பாறைகளை மும்பையின் அப்சரா உலையில் வைத்து அகமதாபாத்தில் அளந்தார்கள். டைனோசர்கள் அழிந்த எல்லைக்கு முன்னரே அந்த எரிமலை வெடித்துவிட்டதா என்று கேட்டு வெங்கடேசன், பாண்டே, கோபாலன் மூவரும் 1993 இல் கட்டுரை எழுதினார்கள். நிலவுக்குப் போன சந்திரயான்-2 இன் கருவி ஒன்று, நிலவைச் சுற்றியுள்ள மிக மெல்லிய வாயுப் படலத்தில் ஆகன்-40 பரந்திருப்பதைக் கண்டதாக 2022 இல் இஸ்ரோ அறிவித்தது. நிலவின் உள்ளே பொற்றாசியம் இன்னும் சிதைந்துகொண்டிருக்கிறது, அதன் ஆகன் வெடிப்புகள் வழியாகக் கசிந்து வருகிறது. விழுப்புரத்து வீரமுத்துவேல் வழிநடத்திய சந்திரயான்-3 இறங்கியது, ஆனால் கல் கொண்டுவரவில்லை. கொண்டுவரும் வேலை சந்திரயான்-4 க்கு என்று திட்டம்.

மாசியில் ஒருநாள் மறுபடி கீரிமலைக்குப் போனேன். பெரியவர் வீட்டு விறாந்தையில் இருந்து, மேலே எழுதியதையெல்லாம் என் தமிழில் சொன்னேன். இடையில் தேத்தண்ணி வந்தது. பெத்தாச்சி குசினிக்குள் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தா. நான் சொல்லி முடிய, பெரியவர் எழுந்து போய் வளவு மதில் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

“அப்ப இதுக்கு?”

அது எங்கள் சுண்ணாம்புக்கல். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு வெட்டியது, கேணிக்குள் நன்னீர் ஊறிவருகிற வெடிப்புகள் கொண்டது. மயோசீன் காலத்துக் கடலின் அடியில் சிப்பியும் சிற்றுயிர் ஓடுகளும் படிந்து ஆனது. அந்தக் காலம் 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. இதற்கு ஆகன் உதவாது ஐயா என்றேன். இது ஒருபோதும் உருகி இறுகிய கல்லல்ல. பொற்றாசியம் அநேகமாக இல்லை. உள்ளதெல்லாம் கல்சியம், அதை உலையில் வைத்தால் கல்சியம் தன் பங்குக்கு ஆகனைப் பிறப்பித்துக் கணக்கைக் குழப்பும். வன்னியிலும் கண்டியிலும் உள்ள பழைய பாறைகள் என்றால் பார்க்கலாம். ஆனால் அங்கும் கிடைப்பது பாறை பிறந்த காலமல்ல, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதியபோது பட்ட சூடு ஆறிய காலம். எங்கள் கல்லுக்கு வயது சொல்வது அதற்குள் இருக்கும் ஓடுகள்தான், எந்த உயிர் எந்தக் காலத்தில் வாழ்ந்தது என்று பார்த்துச் சொல்வார்கள்.

“உள்ளை கிடக்கிறவையை வைச்சு,” என்றார்.

ஓம் என்றேன்.

கல்லைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு சிப்பியின் வரி தெரிந்தது. பெத்தாச்சி வெளியே வந்து, அடுத்த அமாவாசை எப்ப எண்டு பார் தம்பி என்றா. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துச் சொன்னேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கல்லை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.